மூத்தாள் கட்டி

எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த பொன்னம்மாவின் கை சட்டென்று நின்றது.

அழகம்மை கிணற்றடிப் பலகையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பெற்ற உடம்பு. செவ்வாய், வெள்ளி தவறாமல் பொன்னம்மாதான் எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவாள். நல்லெண்ணெயெல்லாம் மலாக்காவுக்கு ஜப்பான்காரன் வந்த வருஷத்தோடு போயிற்று. இப்போது வீட்டில் காய்ச்சிய தேங்காயெண்ணெய்தான். கை தோளில் ஓடியது, முதுகில் ஓடியது, இடது மாரின் ஓரத்தில் வந்து நின்றது. இரண்டு விரல் மட்டும் மெதுவாக அழுந்தின. விலகின. திரும்பவும் அதே இடத்தில் அழுந்தின.

"என்னம்மா?" என்றாள் அழகம்மை.

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்கள் கையை எடுத்துவிட வேண்டும். பொன்னம்மா எடுக்கவில்லை. அழகம்மை திரும்பிப் பார்த்தபோது அவள் கண் வேறெங்கோ இருந்தது. எண்ணெய்க் கிண்ணம் மடியில் சாய்ந்து புடவை நனைந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"அதே இடம்," என்றாள். "என் மகளுக்கு இருந்த அதே இடம்."

அவள் மகள் ருக்மணி. சேதுபதியின் முதல் மனைவி. அழகம்மை இரண்டாந்தாரம். ருக்மணிக்கு மாரில் புற்று வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் ஒரு பக்கத்தையே அறுத்தெடுத்து, அறுத்த தழும்பின் மேலேயே அது மறுபடி முளைத்து, சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம் அவள் போய்ச் சேர்ந்தாள். சேதுபதி ஒரு வருஷம் தனியாகக் கிடந்துவிட்டு அழகம்மையைக் கட்டினான். மருமகன் இன்னொருத்தியைக் கட்டிய வீட்டில் மாமியாருக்கு என்ன வேலை என்று ஊர் கேட்டது. பொன்னம்மாவுக்குப் போக இடமில்லை. நாகப்பட்டினத்துக்குக் கப்பலும் நின்றுவிட்டது. வந்த முதல் நாளே அழகம்மை அவளை "அம்மா" என்று கூப்பிட்டாள். அன்றைக்கே பொன்னம்மா அடுப்படிச் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டாள். இந்த மாதிரி ஒட்டும் உலகத்தில் உண்டு. கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள்.

சேதுபதி வீட்டில் இல்லை. போன வருஷம் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்களே, அப்போது லாரி ஓட்டத் தெரிந்தவன் என்று அவனையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அழகம்மை முழுகாமல் இருப்பது அப்போது அவளுக்கே தெரியாது. தனக்கு ஒரு மகன் பிறந்திருக்கிறான் என்பதை அவன் இன்னும் அறியான். அப்பா வந்துதான் பேர் வைக்க வேண்டும் என்று அழகம்மை பிடிவாதமாக இருந்ததால் பிள்ளைக்குப் பேர்கூட இல்லை. ராசா, ராசா என்று கூப்பிட்டார்கள். இந்தப் பிள்ளையை அப்பன் கையில் கொழுகொழுவென்று தூக்கிக் கொடுக்க வேண்டும். அது ஒன்றுக்காகத்தான் அழகம்மை மரவள்ளிக்கிழங்கைத் தின்று, வரிசையில் நின்று, ராணுவக்காரனைக் கண்டால் தலை குனிந்து வணங்கி, நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அன்று குளியல் பாதியில் நின்றது. பொன்னம்மா எழுந்து அடுப்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். அழகம்மை தன் விரலை வைத்துப் பார்த்தாள். இருந்தது. ஒரு நெல்லிக்காய் அளவில், வலியில்லாமல், உள்ளே உட்கார்ந்துகொண்டிருந்தது.

அவளுக்கு உடனே தோன்றியது நோய் அல்ல. ருக்மணி வந்துவிட்டாள் என்றுதான் தோன்றியது.

இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நம் ஜனங்களில் இரண்டாந்தாரமாக வருகிறவள் மூத்தாளை மதிக்க வேண்டும். மதிக்காவிட்டால் மூத்தாள் சும்மா விடமாட்டாள். அதற்காக மூத்தாளின் தாலிப்பொன்னை உருக்கிச் சின்னதாக ஒரு பொட்டு அடித்து, இளையாளின் தாலிச்சரட்டிலேயே கோத்துவிடுவார்கள். மூத்தாள் பொட்டு என்று அதற்குப் பேர். நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் இளையாள் அதைத் தொட்டு, "அக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொள்வாள். அழகம்மையும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அந்தப் பொட்டு, குனிந்து நிமிர்ந்து வேலை செய்கையில், இடது பக்கமாகச் சரிந்து கிடக்கும். சரியாக இந்த இடத்தில்.

ருக்மணி கடைசியாகக் கிடந்த அறை இன்னும் அந்த வீட்டில் இருந்தது. புண் உடைந்த பிறகு வீசிய வாடையைப் போக்க நாள் முழுவதும் சாம்பிராணி போட்டார்களாம். மழை பெய்யும் பிற்பகல்களில் பலகைச் சுவரிலிருந்து சாம்பிராணியும், அதற்கு அடியில் அந்த இன்னொரு வாடையும் மெதுவாகக் கிளம்பும். அழகம்மை மூக்கைச் சுளிக்கமாட்டாள். சுளித்தால் அக்கா கோபித்துக்கொள்வாளோ என்று பயம். பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது அந்த அறைப் பக்கம் முதுகைக் காட்டி உட்காரமாட்டாள். குழந்தை இல்லாமலே போனவள் ருக்மணி. அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அழகம்மைக்கு நிச்சயமாகத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், பிடரியில் தெரியும்.

மறுநாள் இருவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நல்லையா டாக்டரிடம் போனார்கள்.

நல்லையா டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். காஜா பேராங் சாலையில் மருந்தகம் வைத்திருந்தார். மருந்தகம் என்று பேர்தான். அலமாரியில் பாதிக்கு மேல் காலிப் புட்டிகள். நுண்ணோக்கி ஒன்று வைத்திருந்தார், அதை ராணுவ ஆஸ்பத்திரிக்கு என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். உதவிக்கு இருந்த தாதிப்பெண்ணும் ஊரைவிட்டுப் போய்விட்டாள். ருக்மணியை வெள்ளைக்காரர் அறுத்தபோது பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தவர் இவர்தான்.

அழகம்மை திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். மாரைத் திறந்து ஆண்பிள்ளை டாக்டரிடம் காட்டுவதாவது. அந்தக் காலத்தில் எந்த வீட்டுப் பெண் காட்டினாள்? டாக்டரும் கேட்கவில்லை. பொன்னம்மா திரைக்குள் கையை விட்டுத் தொட்டுப் பார்ப்பாள். டாக்டர் வெளியிலிருந்து கேட்பார். பொன்னம்மா பதில் சொல்வாள். எல்லாருக்கும் அப்படித்தான் வழக்கம்.

"எவ்வளவு பெரிசு, அம்மா?"

"நெல்லிக்கா அளவுங்க. ருக்மணிக்கு மொதல்ல இருந்த மாதிரியே."

"எந்தப் பக்கம்?"

"அதே எடப்பக்கம். அதே ஓரம்."

"வலி இருக்கோ?"

"இல்லீங்க. அவளுக்கும் வலி இல்ல."

திரைக்கு வெளியே நாற்காலி நகர்ந்தது. அழகம்மை இரவிக்கையை முடிந்துகொண்டு வெளியே வந்தபோது டாக்டர் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

"அறுத்துடலாங்களா?" என்று கேட்டாள்.

"ஏலாது, பிள்ளை. மயக்க மருந்து இல்லை. இருந்தாலும் நான் அறுக்கமாட்டன்." அவர் வந்து உட்கார்ந்தார். "ருக்மணிக்கு என்ன நடந்தது எண்டு இந்த அம்மாவுக்குத் தெரியும். துணியில எண்ணெய் பட்டால் எப்படிச் சுத்திவர ஊறும்? இந்த நோயும் முளைச்ச இடத்தில இருந்து அப்படித்தான் ஊறிப் போகும், ஊறின இடத்துக்கும் அப்பால தள்ளி நிண்டு வெட்டினால் தப்பலாம் எண்டு அந்தத் துரை சொன்னவர். அப்படித்தான் வெட்டினவர். நான் பக்கத்தில நிண்டு பாத்தனான். ஒரு துளி மிச்சமில்லை எண்டு நான்தான் வெளியில வந்து உங்கட புருஷனுக்குச் சொன்னனான்."

பொன்னம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"பிறகு தழும்பிலேயே வந்தது," என்றார் டாக்டர். "கத்தி போன வழியெல்லாம் விதைச்ச மாதிரி வந்தது. அதாலதான் சொல்லுறன். கத்தி வேண்டாம். ஊசி போட்டு உள்ளுக்க என்ன எண்டு பாக்கலாம், அதுவும் வேண்டாம். சும்மா இருக்கிறதைக் குத்திக் கிளப்பிவிட்டால் உடம்பெல்லாம் ஓடிவிடும்."

இரும்பு பட்டால் ஓடும் என்று ஊரில் எல்லாரும் சொல்வதுதான். டாக்டரும் அதையே சொன்னார். ஆனால் அவர் இன்னும் முடிக்கவில்லை. பொன்னம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தார்.

"பால் குடிக்கிறானோ?"

"குடிக்கிறானுங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். சண்டைக்கு முன்னால் சீமையிலிருந்து வந்த மருத்துவப் பத்திரிகையில் ஒன்று படித்ததாகச் சொன்னார். அமெரிக்காவில் எலிகளை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். மாரில் புற்று வரும் எலி வம்சத்தில் பிறந்த குஞ்சுகளைத் தாயிடம் பால் குடிக்க விடாமல் வேறு எலியிடம் விட்டால் அவற்றில் பலவற்றுக்கு நோய் வரவில்லையாம். நல்ல எலியின் குஞ்சு நோய்க்கார எலியிடம் குடித்தால் அதற்கு வந்ததாம். பாலில் ஏதோ போகிறது என்று எழுதியிருந்தார்களாம்.

"எலிக்கும் மனுஷனுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றாள் பொன்னம்மா.

"அதுதான் எனக்கும் தெரியாது, அம்மா. ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாத விஷயத்தில இந்தப் பிள்ளையை வைச்சு நான் சோதிச்சுப் பாக்க ஏலாது." அவர் அழகம்மையைப் பார்த்துச் சொன்னார். "பாலை நிப்பாட்டுங்கோ. இண்டைக்கே நிப்பாட்டுங்கோ."

நல்ல மனுஷர்தான். அதில் சந்தேகமே வேண்டாம். ஒருத்தியைக் காப்பாற்ற முடியாமல் போன கையோடு இன்னொருத்தியைப் பார்க்க உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். படித்தவன் அரண்டால் மட்டும் என்ன, விளக்கா தெரியும்?

வழியெல்லாம் அழகம்மை மாராப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அக்கா மாரில் வந்து உட்கார்ந்துகொண்டு பால் வழியாகப் பிள்ளைக்குள் இறங்கப் பார்க்கிறாள் என்று அவள் நினைத்திருந்தாள். டாக்டர் அக்கா பேரை எடுக்கவில்லை, எலி என்றார், மற்றபடி அவர் சொன்னதும் அதேதான். பேயை நம்புகிறவளும் இங்கிலீஷ் படித்தவரும் ஒரே இடத்தில் வந்து நின்றால், நடுவில் இருக்கிறவள் வேறு எதை நம்புவாள்?

வேலியோரத்து மல்லிகையைப் பொன்னம்மா பறித்து வந்தாள். பூவை மாரில் வைத்து இறுக்கிக் கட்டினால் பால் வற்றும். பிள்ளை செத்துப் பிறந்த வீட்டில் கட்டுவார்கள். இங்கே உயிரோடு பிள்ளை பக்கத்தில் கிடந்து கத்தும்போது கட்டினார்கள். துணியை இறுக்க இறுக்கப் பொன்னம்மா அழுதாள், அழகம்மை அழவில்லை. பூ வாடி, பால் கசிந்து புளித்து, இரண்டும் சேர்ந்து ஒரு வாடை அவள் மேல் எந்நேரமும் வீசியது. பிள்ளைக்கு அந்த வாடை தெரியும். அவள் கடந்து போனாலே தலையைத் திருப்பி வாயைத் திறப்பான். அதனால் அவள் அவன் இருக்கும் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். பொன்னம்மா தூக்கி வைத்துக்கொண்டு, பங்கீட்டு அரிசியில் வடித்த கஞ்சித் தண்ணீரையும் மரவள்ளிமாவுக் கூழையும் துணித் திரியில் நனைத்து ஊட்டினாள். டின் பால் என்ற ஒன்றைக் கண்ணால் பார்த்தே இரண்டு வருஷமாகிவிட்டது.

தன்னிடமிருந்து அவனைக் காப்பாற்றிவிட்டோம் என்று அழகம்மை நினைத்தாள். மார் விண்விண்ணென்று தெறிக்கும்போதெல்லாம், தெறிக்கட்டும், நீ குடிக்காமல் இருந்தால் சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அது ஒரு சந்தோஷம். தாயானவளுக்குத்தான் அந்தச் சந்தோஷம் புரியும்.

கொஞ்ச நாளில் பால் வற்றியது. கட்டி மட்டும் வற்றவில்லை. அங்கேயே இருந்தது.

பிள்ளைக்குக் கூழ் ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் வயிறு உப்பியது, பிறகு பேதி கண்டது. எதிர்வீட்டு ஜெயாதான் முதலில் கேட்டாள், ஏன் இவன் இப்படி ஆகிவிட்டான் என்று. ஜெயா மலாக்காச் சிட்டிப் பெண், பல தலைமுறைக்கு முன் இந்த ஊரில் வந்து தங்கிவிட்ட தமிழ்ச் செட்டிகளின் வழி வந்தவள். நெற்றி நிறைய விபூதி இருக்கும், வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். அவளுக்கும் கைப்பிள்ளை இருந்தது. அழகம்மை தெரிந்த மலாயில், எனக்குப் பால் இல்லை என்று மட்டும் சொன்னாள். "கெசியான்," என்றாள் ஜெயா, பாவம் என்று. சொல்லிக்கொண்டே பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். அவன் குடித்த குடியைப் பார்த்து மூன்று பெண்களும் சிரித்தார்கள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டுப் பல நாளாகியிருந்தது.

தினமும் காலையில் ஜெயா வந்தாள். பிள்ளைக்குப் பேதி நின்றது. கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. அழகம்மை தூர நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். சேதுபதி வரும்போது எல்லாம் சரியாகியிருக்கும், நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிள்ளை இருப்பான் என்று மனத்துக்குள் கணக்குத் தீர்த்துக்கொண்டாள்.

கெடுத்தது பொன்னம்மாவின் வாய்தான். அரிசி வரிசையில் நிற்கும்போது யாரோ பரிவாகக் கேட்டிருக்கிறார்கள். அவளும் அழுதுகொண்டே சொல்லிவிட்டாள்: ருக்மணிக்கு வந்தது இவளுக்கும் வந்துவிட்டது, பாலில் இறங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பக்கத்துப் பேட்டை தெங்கேரா வரைக்கும் பேச்சு போய்விட்டது. போகிற வழியில் அது வளர்ந்தது. அந்த வீட்டுத் தண்ணீரில் இருக்கிறது என்றார்கள். பிள்ளை ஏற்கனவே குடித்துவிட்டான், இப்போது அவன் எச்சிலில் இருக்கிறது, அவன் வாய் வைத்த மாரிலும் வரும் என்றார்கள்.

மறுநாள் ஜெயா வந்தாள். படலைத் தாண்டி உள்ளே வரவில்லை. படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே பிள்ளை பசியில் வீரிட்டான்.

"தாக்குட்," என்றாள். பயமாக இருக்கிறது. அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. பிள்ளையின் அழுகை கேட்டு அவள் இரவிக்கை நனைந்துகொண்டிருந்தது. இரண்டு கையாலும் அதை மூடிக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள்.

அவளைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை. தன் பிள்ளையைக் காப்பாற்ற அவள் செய்ததைத்தான் அழகம்மையும் செய்திருந்தாள்.

அன்றைக்குப் பொன்னம்மாவுக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே, அதை அழகம்மை அதற்கு முன் பார்த்ததில்லை. விறுவிறுவென்று வந்து அழகம்மையின் தாலிச்சரட்டைப் பிடித்து, மூத்தாள் பொட்டை மட்டும் கத்தரித்து எடுத்தாள். அதைக் கொண்டுபோய் ருக்மணியின் அறைக்குள் நின்றாள். பட்டப்பகல். சன்னல் வழியாக வெயில் தரையில் விழுந்திருந்தது.

"கேட்டுக்கடி," என்றாள், காலிக் கட்டிலைப் பார்த்து. "உன் புண்ணைக் கழுவுனது நான். நாத்தம்னு ஒரு நாள் மொகத்தைத் திருப்புனேனா? ஒனக்குப் புள்ள இல்லங்கறதுக்காக இவ புள்ளைய எடுப்பியா? இவ என்னை அம்மாங்கறா. அப்ப இவன் ஒனக்கு யாரு? விட்டுடு. விடலைன்னா நீ எனக்கு மக இல்ல."

பதில் வரும் என்று இருவருமே காத்திருந்தார்கள். சாம்பிராணி வாடைகூட வரவில்லை. பொன்னம்மா வெளியே வந்து பொட்டைக் கிணற்றில் போட்டாள். போட்ட பிறகு கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அழுதாள்.

பேதி மறுபடி வந்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. பிள்ளையின் உச்சிக்குழி பள்ளமாக இறங்கியது. அழும், கண்ணீர் வராது. பிறகு அழுகையும் சுருங்கிப் பூனைக்குட்டியின் முனகல் மாதிரி ஆனது. ஒரு நாள் அழகம்மை தெரியாமல் பக்கத்தில் போய்விட்டாள். அவன் தலையைத் திருப்பவில்லை. வாயைத் திறக்கவில்லை. அவள் அப்படியே நின்றாள். அவன் தன்னை மறந்துவிட்டான். அந்த நிமிஷத்தில் அவளுக்கு அக்காவும் தெரியவில்லை, எலியும் தெரியவில்லை. பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

"எங்கடி போற, இந்த வெயில்ல?" என்று பொன்னம்மா பின்னால் ஓடி வந்தாள்.

"அறுக்கப் போறேன்."

மருந்தகத்தில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாரென்று தெரிந்ததும் நகர்ந்து வழி விட்டார்கள். அழகம்மை யாரையும் கேட்கவில்லை. நேரே உள்ளே போனாள். டாக்டர் எழுந்து நின்றார். பிள்ளையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"இதை அறுத்துடுங்க, டாக்டர்."

"பிள்ளை, மயக்க மருந்து..."

"எனக்கு மயக்கமெல்லாம் வேணாம். புடிச்சுக்க அம்மா இருக்காங்க."

"அறுத்தால் ஓடும். நான் சொன்னனான் எல்லோ."

"ஓடட்டும். எங்க வேணும்னாலும் ஓடட்டும். இந்தப் பக்கத்தை அறுத்துட்டு, அந்தப் பக்கம் குடுக்கலாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அது போதும். நான் செத்தா செத்துட்டுப் போறேன்."

அவள் பிள்ளையைப் பொன்னம்மாவிடம் கொடுத்தாள். திரை பக்கத்தில்தான் தொங்கியது. அவள் அதன் பின்னால் போகவில்லை. நின்ற இடத்திலேயே இரவிக்கை முடிச்சை அவிழ்த்தாள். வாசல் கதவு திறந்திருந்தது. அதையும் அவள் பார்க்கவில்லை.

நல்லையா டாக்டர் முதலில் சுவரைப் பார்த்தார். பிறகு கையைக் கழுவினார். பிறகு வந்து, முதல் தடவையாக, தன் விரலை வைத்தார்.

கட்டி நழுவியது. அவர் மறுபடி தொட்டார். மறுபடி நழுவியது, உரித்த நுங்கு மாதிரி. மேல்தோலைக் கிள்ளிப் பார்த்தார். தோல் தனியாக வந்தது. அக்குளில் தடவினார், அங்கே ஒன்றுமில்லை. ருக்மணிக்கு அது சதையோடு அப்பிக்கொண்டு, ஆட்டினால் அசையாமல் கிடந்தது. மேல்தோல் குழிந்துபோயிருந்தது. அவர் பொன்னம்மாவிடம் எவ்வளவு பெரிசு என்று கேட்டார், எந்தப் பக்கம் என்று கேட்டார். நகருகிறதா என்று கேட்கவில்லை. பொன்னம்மாவும் சொல்லவில்லை, அவள் விரலுக்கு அன்று கிடைத்தது அவள் மகள்தான். மகளைத் தொட்ட கை நகர்த்தியா பார்க்கும்?

"என்னங்க?" என்றாள் பொன்னம்மா.

அவர் போய் அடுப்பில் ஊசியைக் கொதிக்க வைத்தார். தண்ணீர் கொதிக்கும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. ஊசியைப் பொருத்தினார். இதைக் குத்தக்கூடாது என்று சொன்னவர் அவர்தான். குத்தினார். அழகம்மை இமைக்கவில்லை. அவர் மெல்ல இழுத்தார்.

கண்ணாடிக் குழாய்க்குள் வெள்ளையாக, உறைந்த நெய்ப் பதத்தில் மெதுவாக ஏறியது. ஏற ஏற மாரில் இருந்த கட்டி சுருங்கி இல்லாமல் போனது. டாக்டர் குழாயைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன அது?" என்றாள் அழகம்மை.

"பால்," என்றார். "பால் அடைச்சுக் கட்டிப்போய் நிண்டிருக்கு. வேற ஒண்டும் இல்லை."

"அப்ப நோய்?"

"உங்களுக்கு ஒரு நோயும் இல்லை, பிள்ளை," என்றார். "எப்பவும் இருக்கேல்லை. நீங்கள் பிள்ளைக்குப் பால் குடுக்கலாம்."

அழகம்மைக்கு ஒரு கணம் சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்துக்காகப் பிற்பாடு அவள் எத்தனையோ நாள் தன்னைச் சபித்துக்கொண்டாள். ஆனால் வந்தது உண்மை. பாய்ந்து பிள்ளையை வாங்கினாள். டாக்டரின் நாற்காலியிலேயே உட்கார்ந்து அவனை மாரோடு அணைத்துக் காம்பை வாயில் வைத்தாள். வாய் திறந்தபடி இருந்தது, மூடவில்லை. இந்தப் பக்கம் மாற்றினாள். அந்தப் பக்கம் மாற்றினாள். விரலால் அழுத்திப் பிழிந்தாள். பூக் கட்டி வற்றிய மாரில் ஒரு சொட்டு இல்லை.

"ராசா," என்றாள். "குடிடா. ஒண்ணும் செய்யாதாம். டாக்டரே சொல்லிட்டார். குடி."

பொன்னம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். தன் இரண்டு விரலையும் மற்றக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அழகம்மை டாக்டரிடம் கையை நீட்டினாள். "அதக் குடுங்க."

"அது பழசு, பிள்ளை. கெட்டிருக்கும்."

"என் பால்தானே. குடுங்க."

அவர் ஊசியைக் கழற்றிவிட்டு, குழாயை அவள் விரல் நுனியில் அழுத்தினார். கொஞ்சம் வந்தது. அவள் அதைப் பிள்ளையின் நாக்கில் தடவினாள். நாக்கு ஒரு தடவை அசைந்தது. உதடும் விரலைச் சுற்றி லேசாகக் கூடியது. "பாத்தீங்களா, குடிக்கிறான்," என்றாள். இன்னொரு தடவை அசையும் என்று விரலை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். வெளியே காத்திருந்தவர்கள் எழுந்து போனார்கள். டாக்டர் வந்து அவள் தோளைத் தொட்டு என்னவோ சொன்னார். பிள்ளையின் வாய் சில்லிட்டுப்போன பிறகும் அவள் விரலை எடுக்கவில்லை.